நெல் மில் தராசு மென்பொருள்: நாலு இடத்திலும் ஒரே பில்ட் ஸ்கிரிப்ட் ஓட வழி உண்டா?

சம்மாந்துறை_வயல்வெளி

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் பக்கத்து நெல் மில் ஒன்றுக்காக சி++17 இல் ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். மின்தராசிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடையை எடுக்கும். ஈரப்பதத்துக்கும் பதருக்கும் கழிக்க வேண்டியதைக் கழிக்கும். நெல் கொண்டுவந்தவருக்குத் தமிழில் ஒரு துண்டு அடித்துக் கொடுக்கும். தன் நெல்லில் எவ்வளவு கழித்தார்கள் என்று வயல்காரர் தானே வாசித்து விளங்கிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலையையே தொடங்கினேன். ஆகவே துண்டில் ஒரு எழுத்துக்கூடப் பிழைக்க ஏலாது.

நான் எழுதுவது உபுண்டு 22.04 இல், ஜிசிசி கொம்பைலரில் (கோட்டை ஓடும் நிரலாக மாற்றுவது). எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஒரு மேக்ஃபைல், அதைக் கூப்பிடுகிற ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். என் லப்டொப்பில் எல்லாம் ஒழுங்கு. ஆனால் மில் ஒஃபிஸில் இருப்பது விண்டோஸ் 10. தராசுக்குப் பக்கத்தில் ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினி, அதில் அதன் லினக்ஸின் பழைய பஸ்டர் பதிப்பு. துண்டின் வடிவத்தைச் செய்து தரும் கூட்டாளி கல்முனையில் மக்புக் வைத்து வேலை செய்கிறார்.

விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோவால் கொம்பைல் செய்தால் துண்டில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறி. மில்லில் வேலை செய்யும் பொடியன் ஒருவர் வீட்டில் மின்ஜிடபிள்யூ (விண்டோஸில் ஓடும் ஜிசிசி) வைத்திருக்கிறார், அதுவும் விண்டோஸ்தான், அங்கே அதே கோட் சரியாக வருகிறது. பையில் லிங்க் ஆகும்போது (கொம்பைல் ஆன பகுதிகளை நூலகங்களோடு சேர்க்கும் கட்டம்) கோப்பு, ஃபோல்டரைக் கையாளும் ஃபைல்சிஸ்டம் பகுதி சம்பந்தமாக 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று ஒரு பக்கம் கொட்டுகிறது. அந்தப் பகுதியைத் தூக்கிவிட்டு ஓடவிட்டால், நீளமான தமிழ் வரிகள் எழுத்தின் நடுவில் உடைந்து கட்டம் கட்டமாக அடிக்கிறது. மக்கில் ஸ்கிரிப்ட் தொடக்கத்திலேயே நிற்கிறது: சிபியூவின் கோர்களை எண்ணும் என்ப்ராக் என்று ஒரு கட்டளையே இல்லையாம், கோப்புக்குள் பதிப்பு எண்ணை மாற்றும் செட் கட்டளையும் முறையிடுகிறது.

மேக்ஃபைல் முழுக்க இப்போது 'விண்டோஸ் என்றால் இது, லினக்ஸ் என்றால் அது' என்று நிறைந்துபோய்க் கிடக்கிறது. நாலு இடத்துக்கும் நாலு ஸ்கிரிப்ட் வைப்பதுதான் வழியா? பெரும்போக அறுவடை தொடங்கினால் மில்லில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது, அதற்கு முன்னம் முடிக்க வேண்டும்.

வாழைச்சேனை_கடதாசி

நாலு ஸ்கிரிப்ட் வேண்டாம். ஒன்றைத் திருத்தினால் மற்ற மூன்றும் பின்தங்கிவிடும்.

மக்கில் நிற்பதற்குக் காரணம் எளிது. என்ப்ராக் குனூவின் (லினக்ஸோடு வரும் கருவித் தொகுதி) கட்டளை, மக்கில் அது இல்லை. செட்டில் 'இருந்த கோப்பிலேயே மாற்று' என்ற சுவிட்சுக்கு மக்கில் உள்ள பிஎஸ்டி பதிப்பு கட்டாயமாக ஒரு பின்னொட்டுக் கேட்கும், குனூ பதிப்பு கேட்காது. பாஷ் ஷெல்லும் அங்கே 3.2 தான், உரிமம் ஜிபிஎல் 3 ஆன பிறகு அப்பிள் புதியதைச் சேர்க்கவே இல்லை. ஆகவே ஷெல் ஸ்கிரிப்டையே விட்டுவிடுங்கள்.

நான் மீசன் என்ற பில்ட் கருவியைப் பாவிக்கிறேன். 2013இல் யுஸ்ஸி பக்கனென் வெளியிட்டது, வாசிக்க வடிவாக இருக்கும். விஷுவல் ஸ்டூடியோ, மக், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே கோப்பு. பைத்தன் வேண்டும், லினக்ஸிலும் மக்கிலும் நிஞ்சா என்ற சிறு பில்ட் கருவியும் வேண்டும்.

இன்னொன்று: விண்டோஸில் திறந்து சேமித்த ஸ்கிரிப்ட் பைக்குப் போனால் வரி முடிவில் ஒட்டிக்கொண்ட கரியேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி காரணமாக 'பேட் இன்டர்பிரட்டர்' என்று வரும். கிட் அட்ரிபியூட்ஸ் கோப்பில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு வரி முடிவு எல்எஃப் என்று ஒரு வரி போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

கல்லடி_வாவிக்கரை

வணக்கம் தம்பி. தமிழ் எழுத்தைக் கையாளும் நிரல்களை மூன்று ஓஎஸ்ஸிலும் கொம்பைல் செய்து கொடுப்பதுதான் பல வருசமாக என் வேலை. உங்கள் பதிவில் எழுதியிருப்பது எல்லாமே எனக்குத் தெரிந்த முகங்கள்.

உங்கள் மேக்ஃபைல் கேட்கும் கேள்வியில்தான் சிக்கல். 'இது விண்டோஸா?' என்று அது கேட்கிறது. ஆனால் உங்களிடமே விண்டோஸ் இரண்டு விதமாக இருக்கிறது: ஒன்றில் மைக்ரோசொஃப்ட் கொம்பைலர், மற்றதில் ஜிசிசி. ஓஎஸ் வேறு, கொம்பைலர் வேறு, இரண்டின் பதிப்புகளும் வேறு. மில்லில் நெல் வந்தால் சாக்கில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து ஈரப்பதம் எழுத மாட்டார்கள், குத்தூசி போட்டு எடுத்துத்தான் பார்ப்பார்கள். பில்ட் ஸ்கிரிப்டும் அப்படித்தான் செய்ய வேண்டும். 1991இல் டேவிட் மக்கென்சி ஓட்டோகொன்ஃப் என்ற கருவியை எழுதியதும் இந்த யோசனையில்தான். யுனிக்ஸ் வகைகளின் பெயர்களை நம்பாமல், ஒரு குட்டி நிரலை அந்த இடத்திலேயே கொம்பைல் செய்து, ஆகிறதா இல்லையா என்று பார்த்து முடிவெடுப்பது.

கேள்விக்குறிக்கு வருகிறேன். ஜிசிசி மூலக்கோப்பை யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் பைட்டாக எழுதும் முறை) என்றே எடுத்துக்கொள்ளும், நிரலுக்குள் வைக்கும் எழுத்தையும் யூடிஎஃப்-8 ஆகவே வைக்கும். மைக்ரோசொஃப்ட் கொம்பைலர் அப்படியல்ல. கோப்பின் தலையில் பிஓஎம் குறி (இது யூடிஎஃப்-8 என்று காட்டும் மூன்று பைட்) இல்லை என்றால் அந்தக் கணினியின் கோட்பேஜில் (விண்டோஸின் பழைய எழுத்து அட்டவணை) எழுதியது என்று நினைக்கும். குறி இருந்தால் யூடிஎஃப்-8 என்று சரியாக வாசிக்கும், ஆனால் நிரலுக்குள் வைக்கும்போது மறுபடி கோட்பேஜுக்கு மாற்றும். கோட்பேஜ் 1252 இல் தமிழ் எழுத்தே கிடையாது, ஆகவே ஒவ்வொன்றும் கேள்விக்குறி. உங்களுக்கு வந்திருப்பது இந்த இரண்டாவது வகை, யாரோ கோப்பைப் பிஓஎம்முடன் சேமித்திருக்கிறார்கள். கொம்பைலர் 4566 என்ற எண்ணில் எச்சரிக்கையும் கொடுத்திருக்கும், தேடிப் பாருங்கள். மருந்து ஒன்றுதான்: யூடிஎஃப்-8 என்ற பெயரிலேயே அந்தக் கொம்பைலருக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. வாசிப்பதையும் வைப்பதையும் சேர்த்து யூடிஎஃப்-8 ஆக்கிவிடும். விஷுவல் ஸ்டூடியோ 2015 இன் இரண்டாவது அப்டேட்டிலிருந்து உண்டு.

இந்த சுவிட்சை 'விண்டோஸ் என்றால்' என்ற நிபந்தனையின் கீழ் போட்டீர்களோ, மின்ஜிடபிள்யூ வீட்டில் பில்ட் உடைந்துவிடும். சாய்கோட்டில் தொடங்கும் அந்தச் சொல்லை ஜிசிசி கோப்புப் பெயர் என்று நினைத்துத் தேடும். உங்களுக்கு நான் சொல்லப்போகும் பில்ட் கருவி சீமேக், மீசனைப் போன்றது; அதில் 'வின்32' என்று ஒரு மாறி இருக்கிறது, 'எம்எஸ்விசி' என்று இன்னொன்று இருக்கிறது. முதலாவது ஓஎஸ், இரண்டாவது கொம்பைலர். இந்த இடத்தில் வேண்டியது இரண்டாவது.

பையில் வந்த லிங்க் பிழை: பஸ்டரில் உள்ளது ஜிசிசி 8. அதில் ஃபைல்சிஸ்டம் தனி நூலகமாக இருந்தது, லிங்க் செய்யும்போது எஸ்டிடிசி++எஃப்எஸ் என்று கூடுதலாகச் சேர்க்க வேண்டும். ஜிசிசி 9 இலிருந்து தேவையில்லை. 'பை என்றால் சேர்' என்று எழுதினால் நாளைக்குப் பையைப் புதுப்பித்ததும் அந்த வரி பொய்யாகிவிடும். ஃபைல்சிஸ்டத்தைத் தொடும் ஐந்து வரி நிரல் ஒன்றைச் சீமேக் தானே கொம்பைல் செய்து லிங்க் செய்து பார்க்கட்டும். ஆகவில்லை என்றால் நூலகத்தைச் சேர்த்து இன்னொரு தரம் பார்க்கட்டும். 'செக் சிஎக்ஸ்எக்ஸ் சோர்ஸ் கொம்பைல்ஸ்' என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது.

இனி உடைந்த எழுத்து. இதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பாருங்கள், ஏனென்றால் கொம்பைலர் பிழை ஒன்றும் சொல்லாமல் துண்டு மட்டும் பிழைக்கிறது. உங்கள் கோட் நான் பார்க்கவில்லை, ஆனால் வரி உடைக்கும் இடத்தில் 'இந்த கேரக்டர் பூச்சியத்தைவிடச் சிறியது என்றால் தமிழ்' என்று ஒரு சோதனை இருக்கும் என்று நினைக்கிறேன். யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். 'ம' என்றால் 224, 174, 174. உங்கள் லப்டொப்பில் கேரக்டர் வகைக்குக் குறைக்குறி உண்டு, அதனால் 224 என்பது -32 ஆகவும் 174 என்பது -82 ஆகவும் தெரியும், சோதனை வேலை செய்யும். ஆர்ம் லினக்ஸில் கேரக்டர் வகைக்குக் குறைக்குறி கிடையாது. 224 என்பது 224 தான். பூச்சியத்தைவிடச் சிறியது என்று ஒன்றுமே வராது, உங்கள் நிரலின் கண்ணில் தமிழே இல்லை. 'நெல்' என்ற சொல்லில் ந, எகரக் குறி, ல, புள்ளி என்று நாலு குறி, 12 பைட். பை அதைப் பன்னிரண்டு ஆங்கில எழுத்து என்று எண்ணும். 58 மில்லிமீற்றர் பிரிண்டரில் ஒரு வரி 32 எழுத்து, அதனால் 32 ஆவது பைட்டில் வெட்டும். இடைவெளி இல்லாத தமிழ் வரி என்றால் 32 ஐ மூன்றால் வகுத்து இரண்டு மிஞ்சும், பதினோராவது குறி நடுவில் அறும். அந்தக் கட்டம் அங்கிருந்துதான் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், புதிய மக்புக்கின் சிப்பும் ஆர்ம்தான், ஆனால் அப்பிள் கேரக்டருக்குக் குறைக்குறி வைத்திருக்கிறது. 'ஆர்ம் என்றால்' என்று நிபந்தனை எழுதினாலும் சரிவராது. கோட்டில் அந்த இடத்தை அன்சைன்ட் (குறைக்குறி இல்லாத) கேரக்டர் ஆக்கி, 128 அல்லது அதற்கு மேல் என்று சோதியுங்கள். எங்கேயும் ஒரே விடை வரும். ஸ்கிரிப்டில் 'சைன்ட் கேர்' சுவிட்சைப் போட்டு மறைக்கவும் முடியும், ஆனால் அந்தக் கோட்டை வேறு யாராவது வேறு ஸ்கிரிப்டில் எடுத்தால் பிழை திரும்ப வரும். அதற்கு எதிரான 'அன்சைன்ட் கேர்' சுவிட்சை உங்கள் லப்டொப்பிலேயே போட்டு ஒரு தரம் பில்ட் செய்து பாருங்கள். பைக்குப் பக்கத்தில் போகாமலே கட்டம் வரும். மைக்ரோசொஃப்ட் கொம்பைலரில் அதே வேலைக்கு ஜே என்ற சுவிட்ச். பையில் கூடுதல் எச்சரிக்கைகளைத் திறந்து வைத்தால் 'இந்த ஒப்பீடு எப்போதும் பொய்' என்று ஜிசிசியே சொல்லும்.

தராசுப் பகுதியை மூன்றாக உடைக்க வேண்டாம். லினக்ஸ், பை, மக் மூன்றிலும் சீரியல் போர்ட்டை டெர்மியோஸ் என்ற ஒரே கட்டளைத் தொகுதி வழியாகவே திறக்கலாம், போர்ட்டின் பெயர் மட்டும் வேறு. ஆகவே போசிக்ஸுக்கு (அந்த மூன்றும் பின்பற்றும் பொது முறை) ஒரு கோப்பு, விண்டோஸுக்கு ஒரு கோப்பு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஹெடர் (அறிவிப்புக் கோப்பு). எதைச் சேர்ப்பது என்பதைச் சீமேக் பார்க்கட்டும். இங்கே கேள்வி உண்மையிலேயே ஓஎஸ் பற்றியது, ஆகவே 'வின்32' சரி. விண்டோஸில் கொம்10 இலிருந்து மேலே போனால் பெயருக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு, ஒரு புள்ளி, இன்னொரு பின்சாய்கோடு போட்டால்தான் திறக்கும். யூஎஸ்பி மாற்றியை இடம் மாற்றி மாற்றிச் செருகும் கணினிகளில் எண் அந்த அளவுக்கு ஏறிவிடும், முதலிலிருந்தே போட்டுவிடுங்கள்.

கூட்டாளியிடமிருந்து வரும் கோப்புகளின் பெயரிலும் கவனம். 'கொள்வனவு' என்ற பெயரில் 'கொ' வை எழுத இரண்டு முறை உண்டு: ஒகரக் குறியை ஒன்றாகப் போடலாம், எகரக் குறியும் காலும் என்று பிரித்தும் போடலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட் வேறு. மக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறை எல்லாப் பெயரையும் பிரித்தே வைத்தது. அப்படி வந்த கோப்பை லினக்ஸில் உங்கள் ஸ்கிரிப்ட் தேடினால் 'இல்லை' என்று சொல்லும், நீங்கள் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். பில்ட் தொடும் கோப்புகளுக்கு ஆங்கிலச் சிற்றெழுத்தில் பெயர் வையுங்கள். பேரெழுத்து, சிற்றெழுத்து வித்தியாசமும் லினக்ஸில் மட்டும்தான் கடிக்கும். தமிழ் கோப்புக்குள் இருக்கட்டும்.

மீசன் நல்லதுதான், வாழைச்சேனைத் தம்பி சொன்னதில் குறை இல்லை. உங்களுக்கு நான் சீமேக் சொல்லக் காரணம் விஷுவல் ஸ்டூடியோ அதை நேரடியாகத் திறக்கும், மில் பொடியனுக்கு லேசு. பஸ்டரில் வருவது 3.13, ஆகவே குறைந்தபட்சப் பதிப்பை 3.13 என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு வந்த பிரீசெட் போன்றவற்றைத் தொடாதீர்கள். கொம்பைலர் சுவிட்சுகளைப் பொது மாறியில் கொட்டாமல் டார்கெட்டுக்கு (கட்டப்போகும் நிரலுக்கு) மட்டும் கொடுங்கள். சி++17 வேண்டும் என்பதைக்கூட சுவிட்சாக எழுத வேண்டாம், 'டார்கெட் கொம்பைல் ஃபீச்சர்ஸ்' இல் சொன்னால் அந்தந்தக் கொம்பைலரின் பாஷையில் அதுவே மாற்றிக்கொள்ளும். கோப்பைக் கொப்பி பண்ண, ஃபோல்டர் உருவாக்க சீமேக்கின் 'இ' சுவிட்ச் இருக்கிறது. செட்டுக்குப் பதிலாகக் 'கொன்ஃபிகர் ஃபைல்'. என்ப்ராக்குக்குப் பதிலாக பில்ட் கட்டளையில் 'பரலல்'. இந்த மூன்றும் வந்தால் ஷெல் ஸ்கிரிப்ட் தேவைப்படாது.

ஒலுவில்_வெளிச்சவீடு

அக்கா சொன்னதோடு இரண்டு விஷயம்.

நாலு மெஷினும் கையில் இல்லாமலே சோதிக்கலாம். கோட்டைக் கிட்ஹப்பில் திறந்த நிலையில் வைத்தால் அக்ஷன்ஸ் என்ற அதன் தானியங்கிப் பில்ட் சேவை இலவசம். உபுண்டு, விண்டோஸ், மக் மூன்றையும் ஒரு பட்டியலில் எழுதினால், ஒவ்வொரு தரம் கோட் ஏற்றும்போதும் மூன்றிலும் பில்ட் ஆகும். விஷுவல் ஸ்டூடியோவை டொங்கிள் டேட்டாவில் ஜிபி கணக்கில் இறக்கத் தேவையில்லை. அந்தப் பட்டியலில் அக்கா சொன்ன 'அன்சைன்ட் கேர்' சுவிட்சோடு ஒரு உபுண்டு பில்டையும் சேருங்கள், பையின் நடத்தையில் பாதி அங்கேயே பிடிபடும். மில்லின் விலைப்பட்டியல், வயல்காரர் பெயர் எதுவும் அதற்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வேறு மில்லுக்கும் கொடுக்கப் போகிறீர்கள் என்றால்: உங்கள் 22.04 இல் கட்டிய நிரல் 20.04 உள்ள கணினியில் திறக்காமல் போகலாம். 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்று வரும். ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை சி நூலகம்; 22.04 இல் அது 2.35, 20.04 இல் 2.31. பழையதில் கட்டினால் புதியதில் ஓடும், மறுபக்கம் ஓடாது. கொடுக்க வேண்டியதில் மிகப் பழையது எதுவோ அதில் கட்டுங்கள். 'மார்ச் நேட்டிவ்' சுவிட்ச் மேக்ஃபைலில் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது உங்கள் லப்டொப்பின் சிப்புக்கென்றே கட்டும். பழைய சிப்பில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று நின்றுவிடும்.

சம்மாந்துறை_வயல்வெளி

ஜஸாக்கல்லாஹ், எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்ன சோதனை அப்படியே என் கோட்டில் இருந்தது. 128 ஆக மாற்றினேன், பையில் 'ஈரப்பதக் கழிவு' வரி முழுசாக அடித்தது. விண்டோஸிலும் தமிழ் வந்துவிட்டது. கல்முனைக் கூட்டாளி இப்போது தானே பில்ட் செய்கிறார்.

இரண்டு கேள்வி மிச்சம். எடையைக் கிராமில் லோங் என்ற முழு எண் வகையில் எடுத்துக் கோப்பில் அப்படியே பைட்டாக எழுதுகிறேன். பையில் எழுதிய கோப்பை லப்டொப்பில் திறந்தால் எண்கள் தாறுமாறாக இருக்கின்றன. அப்புறம், பொடியன் வீட்டில் விஷுவல் ஸ்டூடியோவைப் போட்டுக் கட்டிய எக்ஸியை மில்லுக்குக் கொண்டுபோனால் 'விசிரன்டைம்140டி' என்ற டிஎல்எல் இல்லை என்கிறது.

கல்லடி_வாவிக்கரை

லோங் 64 பிட் லினக்ஸில் எட்டு பைட், விண்டோஸில் 64 பிட் ஆனாலும் நாலு பைட், 32 பிட் பையிலும் நாலு. கோப்பில் எழுதும் எண்ணுக்கு அளவைப் பெயரிலேயே சொல்லும் வகையைப் பாவியுங்கள், இன்ட்64. நாலு பைட் போதும் என்று நினைக்க வேண்டாம்: கிராமில் கூட்டினால் 2,147 தொன்னோடு நிரம்பிக் குறை எண்ணாகிவிடும். ஒரு துண்டில் அது வராது, ஒரு போகத்தின் மொத்தக் கணக்கில் வந்துவிடும். ஏற்கனவே எழுதிய கோப்புகளை எழுதிய மெஷினிலேயே திறந்து சிஎஸ்வியாக எடுத்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.

டிஎல்எல் பெயரின் கடைசி 'டி' டிபக் (பிழை தேடுவதற்கான பில்ட்) என்பதைக் குறிக்கும். அந்த டிஎல்எல் விஷுவல் ஸ்டூடியோ போட்ட கணினியில்தான் இருக்கும், மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கானதும் இல்லை. லினக்ஸில் ரிலீஸ் (மற்றவருக்குக் கொடுக்கும் பில்ட்) என்று கொன்ஃபிகர் செய்யும்போதே சொல்கிறீர்கள். விஷுவல் ஸ்டூடியோ அதைக் கண்டுகொள்ளாது, பில்ட் செய்யும்போது 'கொன்ஃபிக் ரிலீஸ்' என்று சொல்ல வேண்டும். இரண்டு இடத்திலும் இரண்டையும் சொல்லுங்கள், தேவையில்லாததை அது விட்டுவிடும். மில் கணினியில் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை ஒரு தரம் போட்டுவிடுங்கள், எக்ஸியைப் போலவே 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து.